ஏட்டு ரசாயனமும் வீட்டு ரசாயனமும்

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் மாலை வேளைகளில் ஒரே பாராயணமாக இருக்கும். "சோடியம் ஓர் எலெக்ட்ரானை இழக்கிறது, குளோரின் அதைப் பெற்றுக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்து சோடியம் குளோரைடு ஆகிறது" என்று பிள்ளைகள் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். அதே வேளையில் அடுப்பங்கரையில் தாயார் அந்தச் சோடியம் குளோரைடைத்தான் ஒரு கரண்டி எடுத்துக் குழம்பில் போட்டுக்கொண்டிருப்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே பொருள்தான். ஆனால் அது இருவருக்குமே தோன்றுவதில்லை. நமது பள்ளிக்கூட ரசாயனத்தின் குறை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது எனலாம்.

அணுக்கள் எவ்வாறு பிணைகின்றன, பொருள்கள் எவ்வாறு வினைபுரிந்து வேறு பொருள்களாகின்றன, வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எவ்வாறு செல்கிறது ஆகிய மூன்றும்தான் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஒரு மாணவன் அறிய வேண்டிய அடிப்படைகள். இம்மூன்றில் எதுவும் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் நடப்பதல்ல. அடுப்பிலும் குளியலறையிலும் துணி துவைக்கும் கல்லிலும் நாள்தோறும் நடப்பவை இவை. இருந்தும் இவற்றை மதிப்பெண் பெறுவதற்கான மனப்பாடப் பகுதியாக மட்டுமே நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். இதனால் கல்வி நஷ்டமடைகிறது என்பது ஒருபுறமிருக்க, சில வேளைகளில் உயிர்ச்சேதமும் நேர்கிறது என்பதே கவலைக்குரியது.

குளியலறையில் ஒரு பாடம்

பெங்களூருவின் குளிருக்கு வெந்நீர் இன்றியமையாதது. மின்சாரச் செலவைக் குறைப்பதற்காகப் பல வீடுகளில், குறிப்பாகச் சிறிய வாடகை வீடுகளில், கேஸ் கீசர் பொருத்தியிருக்கிறார்கள். கதவையும் ஜன்னலையும் இறுக மூடிக்கொண்டு குளிக்கச் சென்றவர் மயங்கி விழுந்து மாண்டார் என்ற செய்தி இந்நகரத்துப் பத்திரிகைகளில் வருவது புதிதல்ல. விஷ வாயு தாக்கியது என்று ஒரு வரியில் முடிந்துவிடும் அந்தச் செய்திக்குப் பின்னால் இருப்பது பள்ளிக்கூடப் பாடம்தான்.

சிலிண்டர் வாயுவில் இருப்பவை பெரும்பாலும் புரோபேனும் பியூட்டேனும் ஆகும். ஒரு புரோபேன் மூலக்கூறு முழுமையாக எரிய 5 ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் தேவை. அவ்வாறு எரிந்தால் 3 மூலக்கூறு கரியமில வாயுவும் 4 மூலக்கூறு நீரும் கிடைக்கும். இந்தச் சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரியாத பத்தாம் வகுப்பு மாணவன் அரிது. ஆனால், அந்த 5 என்ற எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை.

காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன். மூடிய சிறு அறையில் சுடர் அதனை விரைவில் தின்று தீர்க்கிறது. போதிய ஆக்ஸிஜன் கிடைக்காத கார்பன் அணுக்கள், இரண்டிரண்டு ஆக்ஸிஜன் அணுக்களோடு பிணைவதற்குப் பதிலாக ஒவ்வொன்றோடு மட்டும் பிணைந்துகொள்கின்றன. இவ்வாறு உண்டாவதே கார்பன் மோனாக்ஸைடு. அதற்கு நிறமில்லை, மணமும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் நாற்றத்தால் தெரிந்துகொள்ளலாம். அதற்கென்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் எரிந்தபின் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. நாற்றம் வரவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள்.

அந்த வாயு உடலுக்குள் சென்று செய்வதும் பிணைப்பு வேலையே. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், தன்னிடமுள்ள இரும்பு அணுவோடு ஆக்ஸிஜனைத் தளர்வாகப் பிணைத்து உடல் முழுவதும் சுமந்து செல்கிறது. கார்பன் மோனாக்ஸைடோ அதே இரும்போடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது, எளிதில் விடுவதில்லை. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு கிடைக்காமல் போகிறது. தலைவலியும் தலைச்சுற்றலும் தோன்றி, ஆபத்தை உணர்ந்து தாழ்ப்பாளைத் திறப்பதற்குள் கால்கள் தளர்ந்துவிடுகின்றன. குளிருக்காக மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு உறங்கும் கட்டிடத் தொழிலாளர்களுக்கும் இதே ஆபத்துதான் காத்திருக்கிறது.

கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்த வேண்டும். எரிந்த வாயு வெளியேற வழி இருக்க வேண்டும். எவரேனும் மயங்கி விழுந்திருந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து, வாயுவை அடைத்து, அவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கீசர் எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். ஆக்ஸிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை. முழுமையற்ற எரிதல் என்ற பாடத்தின் கீழ் இந்த நாலு வரிகளை ஆசிரியர் சேர்த்துச் சொன்னால் எத்தனை வீடுகள் காப்பாற்றப்படும்!

முதலும் லாபமும்

பிணைப்புப் பற்றிப் படித்தவர்களிடையேகூட ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. எரிபொருளின் பிணைப்புகளுக்குள் சக்தி அடைபட்டுக் கிடக்கிறது, அப்பிணைப்பை உடைத்தால் அது வெளிப்பட்டுவிடும் என்பதே அந்த எண்ணம். உண்மை இதற்கு நேர்மாறானது. பிணைப்பை உடைக்கச் சக்தியைச் செலவிட வேண்டும். புதிய பிணைப்பு உண்டாகும்போதுதான் சக்தி வெளிப்படுகிறது.

நகரத்தில் பல வீடுகளுக்கு இன்று குழாய் வழியே வருகிற இயற்கை வாயுவில் முக்கியமானது மீதேன். 16 கிராம் மீதேன் எரிவதாகக் கொள்வோம். அதன் பிணைப்புகளையும் அதற்கு வேண்டிய ஆக்ஸிஜனின் பிணைப்புகளையும் பிரிக்க ஏறத்தாழ 2,650 கிலோஜூல் செலவாகிறது. பிறகு கரியமில வாயுவிலும் நீராவியிலும் புதிய பிணைப்புகள் உண்டாகும்போது ஏறத்தாழ 3,450 கிலோஜூல் கிடைக்கிறது. மிச்சம் 800 கிலோஜூல். அந்த மிச்சம்தான் நமது தோசைக்கல்லைச் சூடாக்குகிறது.

சிக்பேட்டையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் இது புரியும். 2,650 ரூபாய் முதல் போட்டு 3,450 ரூபாய்க்கு விற்றால் 800 ரூபாய் லாபம். முதல் போடாமல் வியாபாரம் தொடங்காது. அதுபோல, பொறி இல்லாமல் அடுப்பு பற்றாது. தீக்குச்சி தருவது ஆரம்ப முதல். பற்றியபின், வருகிற லாபத்திலிருந்தே அடுத்தடுத்த முதல் கிடைப்பதால் அடுப்பு தானே எரிகிறது. வெப்ப உமிழ் வினை, கிளர்வு ஆற்றல் என்ற சொற்களை இதற்குப் பிறகு சொல்லிக் கொடுத்தால் அவை மனத்தில் நிற்கும். சொற்களை முதலில் புகட்டிவிட்டுப் பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இன்றைய முறையாக இருக்கிறது.

இவ்வூர் கற்பிக்கும் பாடங்கள்

சென்னையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ இங்கே குடியேறும் குடும்பத்தில் பருப்பு வேகவில்லை என்ற குறை எழுவதுண்டு. திறந்த பாத்திரத்தில் சமைப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். பழி பருப்பின் மீது விழுகிறது. மளிகைக்காரர் மீதும் விழுகிறது. காரணம் வேறு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு; ஆகவே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கும் தண்ணீரின் கீழ் எவ்வளவு தீயை அதிகப்படுத்தினாலும் அது அதற்குமேல் சூடேறாது. தண்ணீர் ஆவியாவதும் வாயு வீணாவதும்தான் மிச்சம். பிரஷர் குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை செல்கிறது, பருப்பும் வேகிறது.

ஆழ்துளைக் கிணற்று நீர் மற்றொரு பாடம். காவிரி நீர் எட்டாத பல பகுதிகளில் இந்த நீரையே நம்பியிருக்கிறார்கள். 2024-இல் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தின்போது அந்தக் கிணறுகளும் வறண்டதை நாம் மறந்திருக்க முடியாது. அந்த நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடானதும் சிதைந்து, வெள்ளைக் கார்பனேட்டாகப் பாத்திரத்தின் அடியிலும் மின்சாரக் கீசரின் உள்ளேயும் படிகிறது. அந்தப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பிச்சுருள் சூடாகிறது, தண்ணீர் சூடேறத் தாமதமாகிறது. முடிவில் கம்பிச்சுருளே கெட்டுப் போகிறது. பாத்திரத்திலுள்ள படிவின் மீது சிறிது வினிகரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைவதைக் காணலாம். அமிலமும் கார்பனேட்டும் சேர்ந்தால் கரியமில வாயு என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கோடையில் மண்பானை நீர் சென்னையில் குளிர்வதைவிட இங்கே நன்றாகக் குளிர்வது ஏன்? எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் செம்பு பூசுவது ஏன்? முதலாவதற்கு விடை, உலர்ந்த காற்றில் நீர் விரைந்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது என்பது. இரண்டாவதற்கு விடை, எவர்சில்வரைவிடச் செம்பு 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தவல்லது என்பது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று தலைப்புகளை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இக்கேள்விகள் தோன்ற வேண்டாமா?

அறியாமையின் விலை

வீட்டு வேலை செய்யும் பெண்கள் கழிப்பறையைப் பளிச்சென்று ஆக்குவதற்காகப் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றுவதுண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவருகிறது. 1915-இல் முதல் உலகப் போரில் ஈப்ர நகருக்கருகே போர்க்களத்தில் ஆயுதமாகப் பயன்பட்டது இதே வாயுதான். அதனை நமது வீட்டுக் கழிப்பறையில், கதவை மூடிக்கொண்டு, நாமே தயாரிக்கிறோம். இரண்டில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும், ஒருபோதும் கலக்கக்கூடாது என்பதை வேலைக்கு வரும் அம்மாவிடம் சொல்வது வீட்டுக்காரர்களின் கடமை.

வாணலியில் எண்ணெய் தீப்பற்றிக்கொண்டால் தண்ணீரை ஊற்றுவது இயல்பான பதற்றம். ஆனால் தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அடியில் இறங்கி நொடியில் ஆவியாகிப் பல நூறு மடங்கு பெருகுகிறது. எரியும் எண்ணெயை முகத்தில் வாரி இறைக்கிறது. வாயுவை அடைத்துவிட்டு, தட்டு ஒன்றால் வாணலியை மூடுவதே வழி. காற்று அற்றால் தீயும் அற்றது.

சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். குழாய் வழியே வரும் மீதேன் காற்றைவிட இலேசானது. கூரையை நோக்கி ஏறும். மூலக்கூறு எடையைக் கூட்டத் தெரிந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். எந்த வாயுவானாலும், கசிவு தெரிந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வாயுவை அடைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். சூடு பட்டுவிட்டால் பற்பசை, மாவு, மை என்று எதையும் தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். தோலுக்குள் தங்கியிருக்கும் வெப்பத்தைத் தண்ணீர்தான் வெளியே கொண்டு செல்லும். பற்பசை அதனை மூடித்தான் வைக்கும்.

ஆசிரியர்களின் பதில்

இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க நேரமேது, பாடத்திட்டமே முடியவில்லையே என்பார்கள் ஆசிரியர்கள். அவர்கள் கூறுவதில் நியாயமில்லை என்று சொல்வதற்கில்லை. நெரிசலான வகுப்பில் ஒருவர் நின்றுகொண்டு, பரீட்சைத் தாளையும் மனத்தில் வைத்துக்கொண்டு என்னதான் செய்ய முடியும்? பாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் எதைக் குறைப்பது என்பதில்தான் விவேகம் வேண்டும்.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. தனது பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணை பற்றிய அத்தியாயத்தை நீக்கியது. பதினோராம் வகுப்பில் அது இருக்கிறதே என்று சமாதானம் கூறப்பட்டது. பதினோராம் வகுப்பில் வணிகமோ கலையோ எடுக்கும் பிள்ளை அதைக் காணவே போவதில்லை. சோடியம் ஏன் எலெக்ட்ரானை இழக்கிறது, குளோரின் ஏன் பெறுகிறது, கார்பன் ஏன் இரண்டும் செய்யாமல் பகிர்ந்துகொள்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் காரணம் காட்டுவது அந்த அட்டவணை. அதை எடுத்துவிட்டால் பிணைப்பு என்பது காரணமின்றி மனப்பாடம் செய்யும் பட்டியலாகிவிடும். பாரம் குறைக்கிறோம் என்று சொல்லி, உருப்போடுவதை விட்டுவைத்து, விளக்கத்தை வெட்டுவது முறையாகாது.

ஆய்வுக்கூடத்துக்குப் பணமில்லை என்பது இரண்டாவது பதில். கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய மைக்கேல் ஃபாரடே, 1860-61 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்காக ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. எரிதல், நீர், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு, நமது சுவாசம் ஆகிய அனைத்தையும் அந்த மெழுகுவத்தியைக் கொண்டே விளக்கிவிட்டார்.

மெழுகுவத்தியின் மீது கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைகிறது. உட்புறம் நீர் படிகிறது. சுடருக்குள் எவர்சில்வர் கரண்டியைப் பிடித்தால் கரி படிகிறது. இது முழுமையற்ற எரிதல். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்து, அத்தெளிவில் குழல் வழியே ஊதினால் பால்போல் கலங்குகிறது. இது நமது மூச்சிலுள்ள கரியமில வாயு. சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் நுரைப்பதோடு கிண்ணம் சற்றுக் குளிர்வதையும் உணரலாம். இது வெப்பக் கொள் வினை. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு வேளை டிபன் செலவுகூட இல்லை. பெரியவர் ஒருவர் உடனிருந்தால் போதும்.

தாய்மொழி தரும் துணை

இந்நகரில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு ஒரு தாழ்வு மனப்பான்மை உண்டு. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறான், எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ், நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். டியூஷனுக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுகிறார்கள்.

இது தேவையற்ற தயக்கம். ஆங்கிலச் சொல்லை உருப்போடும் பிள்ளைக்குச் 'சகப்பிணைப்பு' என்ற சொல்லை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சகம் என்றால் கூட. பிணைப்பு என்றால் கட்டு. இரண்டு அணுக்கள் எலெக்ட்ரான்களைக் கூட்டாக வைத்துக்கொள்வது. சொல்லே விளக்கமாகிவிடுகிறது. கன்னடப் பள்ளியில் 'பந்த' என்று படிக்கும் பிள்ளைக்குப் 'பந்தம்' என்ற நமது சொல்லே சாவி. மாநில மொழியைக் கற்பதற்கும் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதுவதற்கும் இது தடையாகாது. பொருள் ஒரு மொழியில் விளங்கிவிட்டால் மற்ற மொழியில் எழுதுவது எளிது. எந்த மொழியிலும் விளங்காதவனுக்குத்தான் எல்லா மொழியும் கடினம்.

படிக்காத தாயாருக்கும் இதில் இடமுண்டு. புளி போட்டுப் பித்தளையைத் துலக்குவதும், இட்லி மாவு பொங்கக் காத்திருப்பதும், வாணலிப் பிடியைத் துணியால் பிடிப்பதும் அவர் கைவந்த ரசாயனமும் பௌதிகமும் அல்லவா? அவருக்குச் செய்முறை தெரியும்; பிள்ளைக்குக் காரணம் தெரியும். இருவரும் பேசிக்கொண்டால் இருவருக்கும் ஆதாயம்.

செய்ய வேண்டுவன

பள்ளி நிர்வாகங்களும் தேர்வு அமைப்புகளும் முதலில் வினாத்தாளைத் திருத்த வேண்டும். கேள்வி மாறினால்தான் கற்பித்தல் மாறும். புரோபேன் எரிதலின் சமன்பாட்டை எழுதுக என்று கேட்பதோடு நில்லாமல், மூடிய அறையில் அது எரிந்தால் என்ன நேரும், ஏன் என்றும் கேட்கட்டும். எண்ணெய்த் தீயை எப்படி அணைப்பது என்பதற்கும் இரண்டு மதிப்பெண் ஒதுக்கட்டும்.

தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஆண்டு விழாவில் பட்டிமன்றம், இன்னிசை இவற்றோடு ஒரு மணி நேரம் மெழுகுவத்திச் சோதனைகளுக்கும் ஒதுக்கலாம். இந்திய விஞ்ஞானக் கழகமும் கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரய்யா பொருட்காட்சியும் உள்ள நகரம் இது. விஞ்ஞானம் அறிந்த தமிழர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அவர்களில் சிலரேனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நமது பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்க முன்வர வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது இதைவிட எளிது. கீசர் எங்கே இருக்கிறது, அதன் வாயு எங்கே போகிறது என்று பிள்ளையைப் பார்த்து வரச் சொல்லுங்கள். குளியலறைக்கு உள்ளே இருந்தால் வீட்டுச் சொந்தக்காரரிடம் உடனே பேசுங்கள். அவர் முணுமுணுத்தாலும் விட்டுவிடாதீர்கள். பாடத்திலே படித்ததைச் சொல்லி அப்பாவை எச்சரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் வந்தாலும் சரி, ரசாயனம் வந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையலாம்.